பாத்தியா?

“மாமனிதர் ஒருவர் மறையும்போது கடலும் ஒரு கணம் அலையடிப்பதை நிறுத்திக்கொள்ளும்” என்றார் பேரவைச் செயலாளர், ஒலிபெருக்கியில். கடல் நிற்கவில்லை. ஒலிபெருக்கிதான் நின்றது.

செயலாளர் மைக்கைத் தட்டினார். ஊதினார். அதன் கழுத்தைத் திருகிப் பார்த்தார். கடைசியில் “ஹலோ, ஹலோ” என்றார். தூய தமிழிலேயே பேசுவதென்று சபதம் எடுத்தவர் ஆகையால், அந்த இரண்டு ஹலோவுக்கும் கூடியிருந்தவர்களிடம் மன்னிப்புக் கேட்டார். அதற்குள் உயிர் வந்துவிட்ட ஒலிபெருக்கி, மன்னிப்பை மட்டும் தெரு முழுவதும் கேட்கும்படி ஒலிபரப்பியது. எதிர்க் கட்டடத்தில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த ஒரு பெண்மணி, எதற்கு மன்னிப்பு என்று தெரியாமலே எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

மேலே முதல் மாடியில், கூடத்தின் நடுவே குளிர்பெட்டிக்குள் தலைவர் படுத்திருந்தார். பக்கத்தில் நாற்காலி போட்டு மனைவி உட்கார்ந்திருந்தாள். சன்னல் வழியாகக் கீழேயிருந்து பேச்சு மேலே வந்துகொண்டிருந்தது. “ஒப்பற்ற” என்ற சொல் அடிக்கடி வந்தது. அவள் சோபாவின் அடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே ஒரு ஷூ கிடந்தது. முந்தின நாள் காலை, நடைக்குக் கிளம்பும்போது இடது கால் ஷூவைப் போட்டுக் கயிற்றைக் கட்டக் குனிந்தவர் நிமிரவில்லை. அவர் வலது கால் சாக்ஸைத் தேடுகிறார் என்று நினைத்து அவள், “நேரமாச்சுங்க, உங்க ஆளுங்க காத்துக்கிட்டிருப்பாங்க” என்று சமையலறையிலிருந்து குரல் கொடுத்தாள். இன்னொரு தடவையும் கொடுத்தாள். டாக்டர் வந்து இடது ஷூவைக் கழற்றினார். அது எங்கே போயிற்றென்று தெரியவில்லை. போடாத ஷூதான் இப்போது சோபாவுக்கு அடியில் இருந்தது.

தலைவர் என்பது பேரவை கொடுத்த பெயர். அதற்கு முன்னால் கடைவீதி கொடுத்த பெயர் ‘தராசு’. எடை அளவு ஆய்வாளராக உத்தியோகம் பார்த்தவர். அவர் தெருமுனையில் திரும்பினால், படிக்கல் வைத்திருப்பவர்கள் எல்லோரும் அதை ஒளிக்க இடம் தேடுவார்கள். ஒரு குண்டுமணி குறைந்தாலும் தராசைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார். வீட்டிலும் அப்படித்தான். பழத்தை இரண்டாக நறுக்கினால் எது பெரிய பாதி என்று கண்ணாலேயே சொல்வார். மகள் பிறந்து ஆஸ்பத்திரியில் எடை போட்டபோது, எண்ணில் சந்தேகம் வந்து, குழந்தையை இறக்கச் சொல்லிவிட்டு முதலில் தராசைச் சோதித்தார். தராசு சரியாகத்தான் இருந்தது. குழந்தைக்குத்தான் ஜலதோஷம் பிடித்தது.

ஓய்வு பெற்ற பிறகு சோதிப்பதற்கு ஏதாவது வேண்டியிருந்தது. கடைகள் கையை விட்டுப் போய்விட்டன. கடற்கரை இருந்தது. அங்கே அலைதடுப்புப் பாறைகளின் முனையில் நீர்க்காகங்கள் இருந்தன. அவர் ஒரு பைனாகுலர் வாங்கினார். பைனாகுலர் வைத்திருப்பவரைச் சுற்றி ஆள் சேராமல் இருக்குமா? காலை நடைக்கு வருகிற ஓய்வுபெற்றவர்கள் சிலர் சேர்ந்தார்கள். ஆள் சேர்ந்தால் பேரவை. பேரவை என்றால் தலைவர், செயலாளர், துணைத்தலைவர். பதவி இல்லாத உறுப்பினர்களைத் தேடிப்பிடிக்கத்தான் சிரமமாக இருந்தது.

பேரவை கூடிய முதல் கூட்டத்திலேயே பிளவுபடப் பார்த்தது. துணைத்தலைவரான பல் டாக்டர், “இவ்ளோ கம்பீரமான பறவைக்குப் பேர்ல காகம்னு வருதே, மாத்திடலாமே” என்றார். செயலாளர் இலக்கண நூல்களோடு எழுந்தார். தலைவர் இருவரையும் கையமர்த்தி ஒரு தீர்ப்பு வழங்கினார். அது பேரவையின் வேதமாகிவிட்டது. “பேர்லதான்யா காகம். காகம் கீழ கெடக்கறதப் பொறுக்கித் திங்கும். இது மூச்சப் புடிச்சுக்கிட்டு தண்ணிக்குள்ள போயி, தேடிப் புடிச்சுத் திங்கும். வெளிய வந்து ரெக்கய விரிச்சுக் காயவச்சுக்கிட்டு நிக்கும். ரெண்டையும் குழப்பிக்கிறவனுக்குக் கண்ணு இருந்தும் பிரயோசனமில்ல.” பிற்பாடு ஒரு நாள், ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வுபெற்ற உறுப்பினர் ஒருவர் விளக்குக் கம்பத்தின் மேல் இருந்த காகத்தைக் காட்டி “அதோ நம்ம ஆளு” என்று சொல்லிவிட்டார். அன்றோடு அவர் பேரவையில் இல்லை. பச்சைக்கொடி எது சிவப்புக்கொடி எது என்று தெரிந்து ஆயுள் முழுக்க ரயிலுக்குக் கொடி காட்டிவந்த மனுஷன், அதற்கப்புறம் கடற்கரையின் அந்தக் கோடியில் தனியாக நடந்துகொண்டிருந்தார்.

கீழே ஒலிபெருக்கி மறுபடி நின்றது. செயலாளரும் பல் டாக்டரும் மாடியேறி வந்தார்கள். யார் முன்னால் வருவது என்பதில் படிக்கட்டில் ஒரு சிறு நெரிசல்.

“மேடம்,” என்றார் பல் டாக்டர், “பேரவை சார்புல ஒரு சின்ன நிகழ்ச்சி யோசிச்சிருக்கோம்.”

“நான்தான் யோசிச்சேன் அண்ணி,” என்றார் செயலாளர். “நேரா மின்மயானத்துக்குப் போக வேண்டாம். வண்டி கடற்கரை வழியா போவுது. தலைவர் உக்கார்ற இருக்கைகிட்ட நிறுத்தறோம். அங்க நீங்க எறங்கி, தலைவரோட தூரநோக்கியால...”

“பைனாகுலர்,” என்றார் பல் டாக்டர், அவள் குழம்பிவிடக்கூடாதே என்று.

“தூரநோக்கியால நீங்க ஒரு நீர்க்காகத்தைப் பாக்கறீங்க. எப்பவும் மாதிரி. பாத்தேன்னு சொல்றீங்க. அதுக்கப்புறம்தான் வண்டி நகரும்.”

“அதுக்கப்புறம்தானா?” என்றாள் அவள்.

“அதுக்கப்புறம்தான். பேரவை முடிவு. தலைவர் இருந்தவரைக்கும் தெனமும் மொதப் பார்வை உங்களுதுதானே? கடைசிப் பார்வையும் உங்களுதா இருக்கணும்.” சொல்லி முடித்ததும் அந்த வாக்கியத்தின் அழகு அவருக்கே பிடித்துப்போய், மைக்கில் சொல்வதற்காக அதை இன்னொரு முறை முணுமுணுத்துக்கொண்டார்.

அவளுக்குக் கைகால் சில்லிட்டுப்போயிற்று. குளிர்பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது காரணமில்லை. உலகத்தில் ஒருவருக்கும் தெரியாத விஷயம் ஒன்று அவளிடம் இருந்தது. அவள் ஒரு நீர்க்காகத்தையும் பார்த்ததில்லை.

முதல் நாள் நடந்தது அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. அதுவரை அவர் மட்டும்தான் கடற்கரைக்குப் போய்க்கொண்டிருந்தார். ஒரு நாள் காலையில் திடீரென்று, “நீயும் வாயேன்” என்றார். கல்யாணமான நாளிலிருந்து அவர் அப்படி எங்கும் கூப்பிட்டதில்லை. ‘கெளம்பு’ என்பார்; ‘வாயேன்’ என்றதில்லை. அவள் இருப்பதிலேயே நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு போனாள். பெஞ்சில் பேரவை முழுவதும் இருந்தது. அவர் பைனாகுலரை எடுத்து அதன் வாரை அவள் கழுத்தில் மாட்டினார். மாட்டிவிட்டு, வாருக்கு அடியில் அகப்பட்டுக்கொண்ட பின்னலை மெதுவாக வெளியே எடுத்து முதுகில் விட்டார். அதன் பிறகு பாறைமுனையைக் கைகாட்டி, “பாத்தியா?” என்றார்.

அவள் பார்த்தாள். பனி மூட்டம் மாதிரி வெள்ளையாக ஒன்று தெரிந்தது. வேறெதுவும் இல்லை. கண்ணை எங்கே வைப்பது, எதைத் திருகுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. பின்னால் ஆறு ஆண்பிள்ளைகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பின்னல் முதுகில் கிடந்தது.

“பாத்தேன்” என்றாள்.

“என் சம்சாரமே பாத்துட்டா!” என்று அவர் அவர்களிடம் திரும்பினார். வாங்கிக் கண்ணில் வைத்து நெடுநேரம் பார்த்தார். “மூணு” என்றார். சில நாட்கள் “நாலு, ஒண்ணு குஞ்சு” என்பார். அவர் சொன்னால் சொன்னதுதான். தராசின் வாயிலிருந்து வந்த எண்ணைத் திரும்ப எண்ணிப் பார்க்க யாருக்குத் தைரியம்?

அன்றிலிருந்து தினமும் அதேதான். வாரை மாட்டுவார், பின்னலை எடுத்து விடுவார், “பாத்தியா?” என்பார். பல வருஷம் ஆஸ்பத்திரியில் தொலைபேசி இணைப்பாளராக இருந்தவள் அவள். “இதோ இணைக்கிறேன், லைன்ல இருங்க” என்று சொல்லிப் பழகிய வாய். மறுமுனையில் யார் எடுத்தார்கள், என்ன பேசினார்கள் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியாது. தெரியவேண்டிய அவசியமும் இல்லை. அதே வாயால்தான் ‘பாத்தேன்’ என்றாள். முதல் நாளே ஒண்ணும் தெரியலைங்க என்று சொல்லியிருக்கலாம். இரண்டாம் நாள் சொன்னால் முதல் நாள் பொய்யாகிவிடும். ஒரு மாதம் கழித்துச் சொன்னால் மாதம் முழுக்கப் பொய்யாகிவிடும். அப்புறம் அது வளர்ந்து வீட்டில் ஓர் ஆளாகவே ஆகிவிட்டது. தனக்கு மட்டும் மூட்டமாகத் தெரிகிறதே என்று அவள் கண் டாக்டரிடம்கூடப் போய்ப் பார்த்தாள். கண் பிரமாதமாக இருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அது அவளை இன்னும் கலவரப்படுத்தியது. கண்ணில் கோளாறு இல்லையென்றால் பார்க்கத் தெரியாததுதானே கோளாறு?

“வண்டி வந்துட்டுது,” என்று யாரோ சொன்னார்கள்.

அவள் எழுந்தாள். அலமாரியிலிருந்து பைனாகுலரை எடுத்து முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டாள். கூடத்தில் இருந்தவர்கள் தொண்டையைச் செருமிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார்கள். தனியாக அழுவதற்குப் போகிறாள் என்று நினைத்திருப்பார்கள்.

குளியலறைச் சன்னல் உயரத்தில் இருந்தது. வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் ஏறி நின்றாள். எதிர் மொட்டைமாடியில் ஒரு தண்ணீர்த் தொட்டியும், கொடியில் ஒரு நீலப் போர்வையும் இருந்தன. இவ்வளவு பெரிய போர்வையைப் பிடித்துவிட்டால் பறவையையும் பிடித்துவிடலாம். வலக்கண்ணை மூடிப் பார்த்தாள். இடக்கண்ணை மூடிப் பார்த்தாள். நடுவில் இருக்கும் சக்கரத்தை இந்தப் பக்கம் கடைசிவரை திருகினாள், அந்தப் பக்கம் கடைசிவரை திருகினாள். திருப்பிப் பிடித்தும் பார்த்தாள். வெள்ளை மூட்டம் நீல மூட்டமாயிற்று. அவ்வளவுதான் முன்னேற்றம்.

கதவு தட்டப்பட்டது. மகள்.

“அம்மா, உள்ள என்ன பண்றே? அழறியா?”

“இல்ல.”

“அப்ப கதவத் தெற.”

வாளியிலிருந்து இறங்கித் திறந்தாள். மகள் உள்ளே வந்து கவிழ்ந்த வாளியைப் பார்த்தாள், கழுத்தில் தொங்கியதைப் பார்த்தாள். இரவு முழுக்கப் பிரயாணம் செய்து வந்தவள், முகம் வீங்கியிருந்தது.

“என்னம்மா இது?”

“பழகிப் பாக்கறேன்டி.”

“எத?”

அம்மா சொட்டிக்கொண்டிருந்த குழாயைப் பார்த்தாள். “எனக்கு இதுல ஒண்ணும் தெரியாதுடி” என்றாள் கடைசியில். “என்னைக்குமே தெரிஞ்சதில்ல. உங்கப்பா கேப்பாரு, நான் பாத்தேன்னு சொல்லிடுவேன். இன்னைக்கு அவ்ளோ பேருக்கு முன்னாடி... எனக்கு ஒழுங்காப் பாக்கச் சொல்லிக் குடேன்.”

மகளுக்குச் சிரிப்பு வந்தது. வந்த இடத்திலேயே அதை விழுங்கிவிட்டு, பைனாகுலரை வாங்கிச் சன்னல் பக்கம் திரும்பிக் கண்ணில் வைத்தாள். எடுத்தாள். சட்டை நுனியால் துடைத்து மறுபடி வைத்தாள். அவள் எக்ஸ்ரே எடுப்பவள். உள்ளே இருப்பதைப் பார்ப்பது அவளுக்குப் பிழைப்பு. குழல்விளக்குக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, பெரிய கண்ணாடிப் பக்கமிருந்து உள்ளே உற்றுப் பார்த்தாள்.

“அம்மா, உள்ள பூரா பூஞ்சை.”

“என்ன?”

“பூஞ்சை பிடிச்சிருக்கு. வேர் விட்டாப்ல. ரெண்டு பக்கமும். தண்ணி உள்ள போயிருக்கு, அப்படியே விட்டுட்டாங்க. உன் கண்ணுக்கு ஒண்ணுமில்ல. இதுல யார் பாத்தாலும் ஒண்ணும் தெரியாது.”

“உங்கப்பாவுக்குத் தெரிஞ்சுதே” என்றாள் அம்மா.

மகள் பைனாகுலரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஓரத்தில் ஒரு நசுங்கல் இருந்தது. “எப்பவாவது கீழ விழுந்துச்சா?”

“பாறையில ஒரு தடவ வழுக்கி விழுந்தாரு. இதுவும் தண்ணிக்குள்ள போயிருச்சு. எடுத்துட்டாரு. வீட்ல வந்து, தலைமுடி காயவைக்கிறது இருக்குல்ல, உன்னோடது, அத வச்சு ரொம்ப நேரம் காயவச்சாரு. யார்கிட்டயும் சொல்லாதேன்னாரு. முழங்கையில நல்ல அடி. கட்டுப் போட்டிருந்துச்சு.”

“ரிப்பேருக்குக் குடுக்கலையா?”

“உங்கப்பாவா?”

அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. பழுதான தராசு வைத்திருந்த ஒருவனையும் மன்னிக்காத மனுஷன், தன்னுடையதே பழுது என்று எந்தக் கடைக்காரன் முன்னால் கொண்டுபோய் வைப்பார்?

“அது எப்பம்மா? நீ அப்பாவோட போக ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியா, அப்புறமா?”

அம்மா குழாயை இறுக்கித் திருகினாள். சொட்டுவது நிற்கவில்லை.

“ஞாபகமில்ல” என்றாள்.

ஞாபகம் இருந்தது. “நீயும் வாயேன்” என்று அவர் சொன்னபோது முழங்கையில் கட்டு இருந்தது. முதல் நாள் வாரை அவள் கழுத்தில் மாட்டும்போது அந்தக் கட்டின் முரட்டுத் துணி அவள் காதில் உரசியது. அதற்கு முன்னாலெல்லாம் அவர் “அதோ! பாறைமேல பார்!” என்றுதான் சொல்வாராம், பல் டாக்டரே சொல்லியிருக்கிறார். “நீங்க வந்ததுக்கப்புறம்தான் மேடம் சார் ரொம்ப மென்மையாயிட்டாரு. உங்களைக் கேக்காம ஒரு முடிவுக்கு வர்றதில்ல.” அதைக் கேட்டு அன்றைக்கு முழுக்க அவளுக்குத் தரையில் கால் பாவவில்லை.

பாத்தியா. பரீட்சையில் கேட்கிற கேள்வி என்று நினைத்து அவள் இத்தனை வருஷமாக நடுங்கிக்கொண்டே பதில் சொன்னாள். அவருக்கும் விடை தெரியாது. தெரியாமல்தான் கேட்டிருக்கிறார். அவள் ‘பாத்தேன்’ என்றதும் ஒரு பறவை இருக்கிறதென்று நிம்மதியாகி, அதை மூன்றாக ஆக்கியிருக்கிறார்.

ஆக, அவளை அழைத்துப்போனது அதற்காக. கண்ணுக்காக.

மகள் வாளியை நிமிர்த்திக் குழாய்க்கடியில் வைத்தாள். “முகத்தக் கழுவிட்டு வாம்மா” என்றாள்.

வண்டியின் பின்பகுதியில் குளிர்பெட்டிக்குப் பக்கத்தில் ஒரே ஒரு இருக்கைதான் இருந்தது. மகள் முன்னால் ஓட்டுநரோடு உட்கார்ந்தாள். பேரவையினர் இரண்டு கார்களில் பின்தொடர்ந்தார்கள். எந்தக் கார் முதலில் போவது என்று முடிவாகும்வரை வண்டி கிளம்பவில்லை. கடற்கரைச் சாலையில் பெஞ்சுக்கு எதிரே நின்றதும் ஓட்டுநர் கண்ணாடியை இறக்கி, “அஞ்சு நிமிஷந்தான் சார், இங்கெல்லாம் நிறுத்த விடமாட்டாங்க” என்றார். செயலாளர், “வரலாற்று நிகழ்வு தம்பி” என்றார். “வரலாறுன்னாலும் அஞ்சு நிமிஷந்தான் சார்.”

காற்று பலமாக இருந்தது. பெஞ்சின்மேல் மலர்வளையம் வைத்தார்கள். அது பறந்தது, ஓர் உறுப்பினர் ஓடிப்போய்ப் பிடித்துவந்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டார். தூரத்தில் அலைதடுப்பின் முனையில் கறுப்பாகச் சில இருந்தன. பாறையாக இருக்கலாம். படகுக்காரர்கள் தொங்கவிட்ட டயராக இருக்கலாம். வெறுங்கண்ணுக்கு எல்லாக் கறுப்பும் ஒன்றுதான்.

செயலாளர் இரண்டு கைகளாலும் பைனாகுலரை ஏந்திவந்து அவள் கழுத்தில் மாட்டினார். பின்னல் வாருக்கு அடியில் அகப்பட்டுக்கொண்டது. அவள் ஒரு நொடி அப்படியே நின்றாள். யாரும் எடுத்துவிடவில்லை. தானே கையைப் பின்னால் கொண்டுபோய் எடுத்துவிட்டுக்கொண்டாள்.

கண்ணில் வைத்தாள். வழக்கமான வெள்ளை. இப்போது அது என்னவென்று தெரிந்திருந்ததால், அதற்குள் மெல்லிய கிளைகள்கூடத் தெரிந்தன. அவரும் இதையேதான் பார்த்துக்கொண்டு, இவ்வளவு பக்கத்தில், இதே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

எல்லோரும் காத்திருந்தார்கள். அலைச்சத்தம் பெரிதாகக் கேட்டது. மகள் வண்டியின் கதவைப் பிடித்துக்கொண்டு, அம்மா முகத்தையே பார்த்தபடி நின்றாள்.

“அண்ணி,” செயலாளர் குனிந்து கிசுகிசுத்தார், “பாத்தீங்களா?”

இல்லை என்று சொல்லலாம். இதில் ஒன்றும் தெரியாது, என்றைக்கும் தெரிந்ததில்லை என்று சொல்லலாம். பல் டாக்டர் உடனே வாங்கிப் பார்ப்பார், விளக்கு வெளிச்சத்தில் வாய்க்குள் பார்க்கிற மாதிரி பார்ப்பார், பூஞ்சை என்பார். அப்புறம் இத்தனை வருஷத்து மூன்றும் நாலும் குஞ்சும் என்ன ஆகும்? பெட்டிக்குள் படுத்திருப்பவர் எழுந்து பதில் சொல்ல முடியாது.

“பாத்தேன்” என்றாள்.

“எத்தன மேடம்?” என்றார் பல் டாக்டர்.

இதை அவளிடம் யாரும் கேட்டதில்லை. எண்ணுவது அவருடைய வேலை.

“மூணு.”

“கொஞ்சம் குடுங்க.” பல் டாக்டர் கையை நீட்டினார். தலைவர் போன பிறகு பைனாகுலர் யார் கைக்கு முதலில் போகிறதென்று எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது அவருக்குத் தெரியும். வாங்கிக் கண்ணில் வைத்தார். நெற்றி சுருங்கியது. சக்கரத்தைத் திருகினார். எடுத்து, கைக்குட்டையால் துடைத்து, மறுபடி வைத்தார். மகள் ஓர் அடி முன்னால் வந்தாள். அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். கண்ணாடியைக் கண்ணிலிருந்து எடுக்காமலே பல் டாக்டர் வெகுநேரம் நின்றார்.

“நாலு” என்றார். “ஒண்ணு பாறைக்குப் பின்னால இருக்கு. அனுபவம் இல்லாதவங்களுக்குத் தெரியாது.”

“எங்கே, இப்படிக் கொடுங்கள்” என்று செயலாளர் கிட்டத்தட்டப் பிடுங்கினார். வைத்தார். அவருடைய வாய் லேசாகத் திறந்தது, திறந்தபடி இருந்தது. எல்லோரும் தன்னைப் பார்ப்பது அவருக்கு முதுகில் தெரிந்திருக்க வேண்டும். “ஐந்து” என்றார். “ஐந்தும் சிறகு விரித்து அஞ்சலி செலுத்துகின்றன.”

ஓட்டுநர் ஹாரன் அடித்தார்.

பைனாகுலரைத் திருப்பிக் கொடுக்கும்போது பல் டாக்டர் அவளுடைய கண்ணை ஒரு தடவை பார்த்தார். உடனே பார்வையைத் தாழ்த்திக்கொண்டு, “பத்திரமா வச்சுக்கங்க மேடம். பேரவைக்குக் குடுக்கணும்னு அவசியமில்ல” என்றார். செயலாளர், முதல் முறையாக, அவரை மறுத்துப் பேசவில்லை.

வண்டி நகர்ந்தது. பின்பகுதியில் அவளும் பெட்டியும் மட்டும். முன்பக்கம் மகளின் தலை கண்ணாடித் தடுப்பின் வழியாகத் தெரிந்தது, தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. தட்டிக் கேட்கலாம் என்று கையைத் தூக்கினாள், தட்டவில்லை. பைனாகுலர் மடியில் கனத்தது. பெட்டியின் மூடிமேல் நீர் கோத்திருந்தது. முந்தானையால் துடைத்தாள். அவர் முகம் தெளிவாகத் தெரிந்தது. பத்து விநாடியில் மறுபடி மூட்டம் போட்டது. மறுபடி துடைத்தாள்.

கடற்கரைச் சாலை முடியும் இடத்தில் சிக்னல் விழுந்தது. வண்டி நின்றது.

சாலையோரக் கைப்பிடிச் சுவரில், சன்னலுக்கு வெளியே கை நீட்டினால் தொட்டுவிடும் தூரத்தில், அது நின்றுகொண்டிருந்தது. கறுப்பு. உடம்பெல்லாம் நனைந்திருந்தது. இரண்டு இறக்கைகளையும் முழுசாக விரித்து, வெயிலுக்குக் காட்டிக்கொண்டு, அலகைக் கொஞ்சம் திறந்தபடி அசையாமல் நின்றது. ஒவ்வோர் இறகும் தனித்தனியாகத் தெரிந்தது. நுனியில் சொட்டிய தண்ணீர்கூடத் தெரிந்தது. பைனாகுலர் வேண்டியிருக்கவில்லை. அவர் சொன்னது சொன்னபடியே இருந்தது.

அவள் பெட்டியின் மூடியை வேகமாகத் துடைத்தாள். அவர் முகத்துக்கு நேராகக் குனிந்தாள்.

“பாத்தீங்களா?” என்றாள், மெதுவாக. “ஏங்க. இதோ. பாத்தீங்களா?”

பச்சை விழுந்தது. வண்டி குலுங்கியதில் அது இறக்கையை மடக்கிக்கொண்டு நடைபாதையில் குதித்தது. குப்பைத்தொட்டிக்கு அடியில் கிடந்த ரொட்டித் துண்டை ஒரு கொத்துக் கொத்திப் பார்த்தது. நிமிர்ந்து, கா, என்றது.

காகம்தான்.